25 டிகிரியை எந்தப் பக்கத்திலிருந்து தொட்டோம்: ஒரு பீவர் விமானத்தின் மேக்னெட்டோ டைமிங்

கனடாவின் மேற்குக் கடற்கரையில், மிதவைகள் பூட்டிய ஒரு பீவர் விமானம். குளிர்காலப் பராமரிப்பு முடிந்து, எஞ்சினை முதல் தடவை ஓட்டிப் பார்த்தோம். ஆயில் சூடேறியதும் 2000 ஆர்பிஎம் அருகே நிறுத்தி, சுவிட்சைத் திருப்பி, ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பொறிக்கான மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். இடது மேக்னெட்டோவில் மட்டும் ஓடியபோது 55 ஆர்பிஎம் இறங்கியது. வலதில் மட்டும் ஓடியபோது 120 இறங்கியது. பொதுவாக 100-க்கு மேல் இறங்கினால் விமானத்தைப் பறக்க விடுவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசமும் இருக்கக் கூடாது.

வலது மேக்னெட்டோ ஓவர்ஹாலுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. என் சக மெக்கானிக் அதைப் பூட்டி டைமிங் வைத்தார், அதாவது பொறி விழும் நேரத்தைப் பொருத்தினார்; நான் சரிபார்த்தேன். அதனால் அந்த 120 எங்கள் இருவரின் எண். இந்தத் தவறு எப்படி வந்தது, எப்படிக் கிட்டத்தட்ட இன்னொரு பெரிய தவறாக மாறப் பார்த்தது என்பதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சினைத் தொடுகிறவர்கள் இன்று குறைவு. தொடுகிறவர்கள் இதே பள்ளத்தில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு.

முதலில் எஞ்சினைப் பற்றி. பீவரில் இருப்பது பிராட் அண்ட் விட்னி ஆர்-985, வாஸ்ப் ஜூனியர் என்று பெயர். ஒரே வரிசையில் வட்டமாக ஒன்பது சிலிண்டர், 450 குதிரைத்திறன். சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் ஒரே அளவு: 5 3/16 அங்குலம், அதாவது சுமார் 132 மில்லிமீட்டர். பீவர் முதலில் பறந்தது 1947 ஆகஸ்ட் 16-ல். எஞ்சின் அதைவிடப் பழையது, 1930-ஐ ஒட்டி வந்தது. எஞ்சினுக்குப் பின்னால் நின்று பார்த்தால் உச்சியில் இருப்பது 1-ஆம் சிலிண்டர், அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்கள் போகும். தீப்பொறி விழும் வரிசை 1-3-5-7-9-2-4-6-8. ஒற்றைப்படை முதலில், இரட்டைப்படை பிறகு. ஒருமுறை சொல்லிப் பார்த்தால் மறக்காது.

ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பார்க் பிளக். வலது மேக்னெட்டோ முன்பக்க பிளக்குகளுக்கும், இடது மேக்னெட்டோ பின்பக்க பிளக்குகளுக்கும் மின்சாரம் கொடுக்கின்றன. ஒன்றை அணைத்தால் சிலிண்டருக்குள் ஒரு மூலையிலிருந்து மட்டும் தீ கிளம்பி, 132 மில்லிமீட்டர் அகலத்தையும் தனியாகக் கடக்க வேண்டும். எரிவது மெதுவாகும், ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும். இந்த இறக்கம் இயல்பானது. இறங்கவே இல்லை என்றால் அதுவும் சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான், சுவிட்ச் அந்த மேக்னெட்டோவை அணைக்கவில்லை என்று பொருளாகலாம்.

அன்று எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு எண்ணில் இல்லை, சத்தத்தில் இருந்தது. வலதில் ஓடும்போது 120 இறங்கினாலும் எஞ்சின் உதறவில்லை, வழுவழுப்பாகவே ஓடியது. ஒரு பிளக் செத்திருந்தால், அல்லது ஒரு வயர் ஒழுகினால், ஒன்பதில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. அது உடம்பில் தெரியும், இருக்கை அதிரும். ஒன்பதும் வேலை செய்கின்றன, ஆனால் ஒன்பதும் கொஞ்சம் சோம்பலாகச் செய்கின்றன என்றால் டைமிங்கைத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும் மனம் சுலபமான பக்கம்தானே போகும். முன்பக்க பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினோம், வயர்களைச் சோதித்தோம். திரும்ப ஓட்டினோம். 120. ஒரு முற்பகல் அதில் போயிற்று.

அடுத்து மேக்னெட்டோவின் உள்ளே. மின்சுற்றைத் திறந்து மூடும் சிறு தொடுமுனைகள்தான் பாயின்ட்கள்; அவை திறக்கும் கணத்தில்தான் தீப்பொறி பிறக்கிறது. அவற்றைத் திறக்கும் சுழல் துண்டான கேமில் உரசும் கட்டை தேய்ந்தால் பாயின்ட் இடைவெளி குறையும், திறப்பது தாமதமாகும். பாயின்ட் முகங்களே அரித்துப் போனால் இடைவெளி கூடும், திறப்பது முந்தும். ஓவர்ஹால் முடிந்து வந்ததில் இரண்டும் இருக்க நியாயமில்லை, ஆனாலும் பார்த்தோம். கேமின் முனையில் உள்ள படியில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, உறையில் உள்ள குறிகளோடு பொருத்தினால் அந்த நிலையில் பாயின்ட்கள் திறக்கத் தொடங்க வேண்டும். தொடங்கின. உள்ளே குற்றமில்லை. ஆக, மேக்னெட்டோ எஞ்சினோடு சேரும் இடத்தில்தான் பிரச்சினை.

இந்த எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோக்களும் 1-ஆம் சிலிண்டரின் அமுக்க ஓட்டத்தில், பிஸ்டன் உச்சியைத் தொடும் இடமான டாப் சென்டருக்கு 25 டிகிரி முன்னால் பொறி விட வேண்டும். 2000 ஆர்பிஎம்மில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு, ஒரு நொடிக்கு 12,000 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் அந்த 25 டிகிரி என்பது வெறும் இரண்டு மில்லி செகண்ட். தீ பற்றி, வளர்ந்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கீழே இறங்கத் தொடங்கும் நேரத்தில் முழு அழுத்தத்தோடு தள்ளுவதற்கு அவ்வளவு முன்கூட்டியே பொறி விழ வேண்டும். அதைவிட முந்தினால் சிலிண்டர் சூடேறும், கலவை தானாக வெடிக்கும், பிஸ்டனே உருகலாம். பிந்தினால் சக்தி குறையும், எரிந்து முடியாத சூடு எக்ஸாஸ்ட் வழியாக வீணாகப் போகும்.

ஏன் 1-ஆம் சிலிண்டர் மட்டும்? கார் எஞ்சின்களில் பழகி ரேடியலுக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிற்கிறேன்.

ஒன்பது பிஸ்டன்களும் ஒரே கிராங்க் பின்னில்தான் வந்து சேர்கின்றன. ஒன்பது ராடுகளை ஒரே பின்னில் அடுக்க இடமில்லை. ஆகவே ஒரு சிலிண்டரின் ராடு மட்டும் நேராகக் கிராங்க் பின்னைப் பிடிக்கும். அதுதான் மாஸ்டர் ராடு. மற்ற எட்டும் அதன் வளையத்தைச் சுற்றி நக்கிள் பின்களில் தொங்கிக்கொண்டு ஓடும். மாஸ்டர் ராடின் தலை சாய்ந்து சாய்ந்து போவதால் அந்த நக்கிள் பின்கள் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை, நீள்வட்டம் போல ஒரு பாதையில் போகின்றன, அதுவும் ஒவ்வொன்றும் வெவ்வேறு சாய்வில். விளைவு என்னவென்றால், 720 டிகிரியை ஒன்பதால் வகுத்தால் வரும் 80 டிகிரிக்கு ஒருமுறை பிஸ்டன்கள் கச்சிதமாக உச்சிக்கு வருவதில்லை. ஒன்று கொஞ்சம் முந்தும், ஒன்று கொஞ்சம் பிந்தும்.

இதற்குத் தீர்வாக மேக்னெட்டோவின் கேமையே அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி அரைத்துச் செய்திருக்கிறார்கள். ஒன்பது சிலிண்டருக்கு ஒன்பது லோப், அதாவது மேடு, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சிலிண்டருக்கு மட்டும் உரியது. லோப்களின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவில் சமமற்றது. கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது, அதாவது எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு ஒரே சுற்று. 2000 ஆர்பிஎம்மில் இந்தச் சின்ன உலோகத் துண்டு நொடிக்கு 150 தடவை பாயின்ட்களைத் திறந்து மூடுகிறது, ஒவ்வொரு தடவையும் அந்தந்தப் பிஸ்டன் நிற்கும் இடத்துக்கு ஏற்றபடி. கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒன்பது திருத்தங்களையும் எஃகில் எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை கையில் எடுத்தாலும் எனக்கு அந்த மரியாதை குறைந்ததில்லை.

கேமில் 1-ஆம் லோப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும், சுற்றும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். 1-ஆம் சிலிண்டரை 25 டிகிரியில் நிறுத்தி, அந்த லோப் பாயின்ட்டைத் திறக்கும்படி வைத்தால் மற்ற எட்டும் தாமாகச் சரியாகும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் டிகிரித் தகட்டைக் கட்டி, 80 டிகிரி தள்ளி 3-ஆம் சிலிண்டரில் சரிபார்க்கலாமே என்று போனால், சரியாக இருக்கும் டைமிங்கே தவறு போலத் தெரியும்.

டாப் சென்டரைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உச்சிக்கு மூன்று டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிஸ்டன் நகரும் தூரம், இந்த எஞ்சினின் அளவுக்குக் கணக்குப் போட்டால், சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதைக் கண்ணால் பார்த்து 'இதோ உச்சி' என்று யாராலும் சொல்ல முடியாது. 25 டிகிரி முன்னால் வந்தால் கதை வேறு: அங்கே ஒரு டிகிரிக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்கிறது. அதனால்தான் பிளக் துளையில் திருகும் டைம்-ரைட் போன்ற கருவி பிஸ்டனையே தொட்டு அளக்கிறது. அதன் அளவுகோல் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சரியான அளவுகோலை மாட்டியிருக்கிறோமா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். எங்களுடையது சரியாகத்தான் இருந்தது.

பாயின்ட் திறக்கும் கணத்தில் எரியும் டைமிங் லைட்டை இரண்டு மேக்னெட்டோக்களிலும் இணைத்தோம். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. காக்பிட் சுவிட்ச் ஆஃப் என்றால் மேக்னெட்டோவின் முதன்மைச் சுற்று உடலோடு இணைந்துவிடும், பாயின்ட் திறந்தாலும் லைட்டுக்குத் தெரியாது. எனவே சுவிட்சை இரண்டும் இயங்கும் நிலையில், அதாவது 'போத்' (Both) குறியில், வைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். அப்படி வைத்தால் உங்கள் கையிலிருக்கும் ப்ரொப்பெல்லர் உயிருள்ள ப்ரொப்பெல்லர். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கையாவது கழற்றி, அமுக்கமே இல்லாமல் செய்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். கிளப்புவதற்கு உதவும் பூஸ்டர் காயிலின் மின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். இதில் அவசரத்துக்கு இடமே கிடையாது.

சரி, அளந்தோம். என் சக மெக்கானிக் ப்ரொப்பெல்லரைத் திருப்பினார், நான் கருவியையும் லைட்டையும் பார்த்தேன். வலது மேக்னெட்டோ 25-ல் இருந்தது. இடது 28-ல்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் பூட்டிய வலது கச்சிதமாக இருக்கிறது. யாரும் தொடாத இடது மூன்று டிகிரி முந்தி நிற்கிறது. ஆர்பிஎம் எண்களும் அதோடு ஒத்துப்போயின: முந்திய இடதில் ஓடும்போது இறக்கம் குறைவு, வலதில் ஓடும்போது இறக்கம் அதிகம். அவர் சொன்ன முடிவு நியாயமாகவே இருந்தது. இடது மேக்னெட்டோவைத் தளர்த்தி 25-க்குக் கொண்டுவந்தால் இரண்டும் சமமாகிவிடும், வேலை முடிந்தது என்றார். ஸ்பேனர் அவர் கையில் இருந்தது.

எனக்கு ஒன்று இடித்தது. இடது மேக்னெட்டோ போன பருவம் முழுக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் குறையில்லாமல் பறந்தது. அதன் பிடிமானத்தில் கம்பிப் பூட்டு அறுபடாமல் அப்படியே இருந்தது. பாயின்ட் அரிப்பினால் இடைவெளி கூடி முந்தியிருக்கலாம் என்று பார்த்தால் இடைவெளியும் சரி. காரணமில்லாமல் மூன்று டிகிரி எப்படி நகரும்? இன்னொரு தடவை அளப்போம் என்றேன். இந்தத் தடவை லைட்டைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்த்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. அந்த ப்ரொப்பெல்லர் கனமானது. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் தடையில்லாமல் நழுவும். அவர் சுற்றும் திசையில் கொண்டுவந்தார், ஊசி 25-ஐத் தாண்டி 19, 20 வரை போயிற்று. உடனே மெதுவாகப் பின்னுக்குத் தட்டித் தட்டி 25-ல் நிறுத்தினார். பார்ப்பதற்கு மிகக் கவனமான வேலை. கைக்கு இயல்பாக வருவதும் அதுதான், கடிகாரத்தில் முள்ளைச் சரிசெய்வது போல. நானும் முதல் நாள் சரிபார்த்தபோது அதையேதான் செய்திருந்தேன்.

கிராங்குக்கும் மேக்னெட்டோவுக்கும் இடையில் பல்சக்கரங்கள் இருக்கின்றன. பற்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டால் ஓடாது, கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது கிராங்கின் பக்கத்துப் பல் மேக்னெட்டோவின் பக்கத்துப் பல்லைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போகும். ஆட்டம் முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். ப்ரொப்பெல்லரைப் பின்னுக்குத் திருப்பினால் என்ன நடக்கும்? முதலில் கிராங்க் மட்டும் அந்த ஆட்டத்தைக் கடக்கும், மேக்னெட்டோ இருந்த இடத்திலேயே நிற்கும். பிறகுதான் பல்லின் மறுமுகம் தொட்டு மேக்னெட்டோவும் பின்னுக்கு வரும். அதாவது கிராங்க் அதே 25-ல் நின்றாலும், பின்பக்கமாக வந்து நின்றால் மேக்னெட்டோ ஓடும்போது இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னால் தள்ளி நிற்கிறது. அந்த நிலையில் பாயின்ட் திறக்கும்படி வைத்து இறுக்கினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆட்டம் மறுபக்கம் போகும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும்.

பிறகு திசையை மாற்றி அளந்தோம். ப்ரொப்பெல்லரை 25-லிருந்து நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், நாற்பது டிகிரி அளவுக்கு, அங்கிருந்து சுற்றும் திசையில் மட்டும் மெல்ல வந்தோம். தாண்டிவிட்டால் தட்டிச் சரிசெய்யாமல், திரும்பவும் பின்னுக்குப் போய் முதலிலிருந்து வந்தோம். இடது லைட் 25-ல் எரிந்தது. வலது 22-ல். மூன்று தடவையும் அதே.

முதல் அளவையில் 25, 28. இப்போது 22, 25. இரண்டிலும் வித்தியாசம் மூன்றுதான். இடது முந்தியிருக்கிறதா, வலது பிந்தியிருக்கிறதா என்பதை ஆர்பிஎம் இறக்கத்தை வைத்துச் சொல்லவே முடியாது, இரண்டு கதைக்கும் அது ஒரே மாதிரி பொருந்தும். கருவியும் பொய் சொல்லவில்லை, பிஸ்டன் நின்ற இடம் இரண்டு தடவையும் உண்மையான 25. அந்த 25-ஐ நாங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்து தொட்டோம் என்பது மட்டும்தான் மாறியது.

அந்த ஸ்பேனரைப் போட்டு இடது மேக்னெட்டோவைத் 'திருத்தி' இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. இரண்டும் உண்மையில் 22-க்குப் போயிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருக்கும், வித்தியாசம் மறைந்திருக்கும். குற்றத்தைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சியை நாங்களே அழித்துவிட்டு, விமானத்தை வெளியே அனுப்பியிருப்போம். மிதவை விமானம் தண்ணீரிலிருந்து எழும்ப எஞ்சினின் கடைசித் துளி சக்தியும் வேண்டும். முழுச் சுமையோடு, காற்றில்லாத நாளில், கண்ணாடி போன்ற நீரில் அது ஒட்டிக்கொண்டு எழும்ப மறுப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று டிகிரியின் விலை தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தப் பிழை எப்போதும் ஒரே அளவில் வராது. குறியை ஒரு டிகிரி தாண்டிவிட்டுத் திரும்பினால் ஒரு டிகிரிதான் பிந்தும், இரண்டு தாண்டினால் இரண்டு. ஆட்டம் முழுதும் தீரும்வரை தாண்டினால் அந்த ஆட்டத்தின் அளவோடு நின்றுவிடும், எங்கள் எஞ்சினில் அது மூன்று. ஆகவே ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே எஞ்சின், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டைமிங் என்று வரலாம். 'இந்த எஞ்சின் இப்படித்தான்' என்று சொல்லித் தள்ளிவிடப்படும் பல புகார்களுக்கு அடியில் இதுவே இருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ப்ரொப்பெல்லரைப் பின்னுக்குத் திருப்புவது பற்றி ரேடியல்காரர்களுக்கு ஏற்கெனவே ஒரு கண்டிப்பு உண்டு, வேறு காரணத்துக்காக. கீழே தொங்கும் சிலிண்டர்களில் ஆயில் இறங்கித் தேங்கும். கிளப்பும் முன் கையால் சுற்றிப் பார்க்கும்போது அது தடுத்தால், பின்னுக்குச் சுற்றி விடுவிக்கக் கூடாது; ஆயில் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, எஞ்சின் கிளம்பியதும் திரும்ப உள்ளே வந்து ராடை வளைத்துவிடும். பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். அந்தக் கண்டிப்பை நாங்கள் இருவரும் மறந்ததே இல்லை. பிளக்குகள் கழன்று கிடந்ததால், இப்போது பின்னுக்குத் திருப்பினால் கெடுதல் இல்லை என்ற எண்ணத்தில் கை தளர்ந்துவிட்டது. அது உண்மைதான், ஆயிலைப் பொறுத்தவரை.

திருத்தும் வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 1-ஆம் சிலிண்டரை அமுக்க ஓட்டத்தில், சுற்றும் திசையிலேயே வந்து 25-ல் நிறுத்தினோம். வலது மேக்னெட்டோவின் இணைப்பைத் தளர்த்தி, லைட் எரியும் இடத்துக்குச் சிறிது சிறிதாக நகர்த்தி இறுக்கினோம். இறுக்கும்போதும் நகரும் என்பதால் இறுக்கிய பிறகு திரும்பவும் பின்னுக்குப் போய், முன்னால் வந்து அளந்தோம். இரண்டு லைட்டும் ஒன்றாக எரிந்தன. இடதைத் தொடவே இல்லை.

மதியம் எஞ்சினை ஓட்டினோம். வலதில் 65 இறங்கியது. இடதில் 60. முன்பு 55 இறங்கிய இடது இப்போது ஐந்து கூடுதலாக இறங்கியதைப் பார்த்து என் சக மெக்கானிக் புருவத்தைத் தூக்கினார். அதற்கும் காரணம் இருக்கிறது. பிந்திப்போன வலது மேக்னெட்டோ முன்பு தன் பங்கு வேலையை முழுதாகச் செய்யவில்லை, அதனால் அதை அணைத்தபோது இழப்பும் குறைவாகத் தெரிந்தது. இப்போது அதுவும் நேரத்துக்குப் பொறி விடுகிறது, அணைத்தால் எஞ்சினுக்குத் தெரிகிறது.

பதிவேட்டில் வழக்கமாக 'இரண்டு மேக்னெட்டோக்களும் 25 டிகிரி' என்று மட்டும் எழுதுவோம். அன்று அதன் பக்கத்தில் 'சுற்றும் திசையில் அணுகி அளந்தது' என்று சேர்த்து எழுதினேன். கருவிப் பெட்டிக்குள், டைம்-ரைட் வைக்கும் இடத்தில், அவர் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு அம்புக்குறி வரைந்து வைத்தார்.